தொப்பியைத் துரத்திய பிள்ளை

“பெரிய வீடு வேண்டாமப்பா. அதுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளை தனிய நடக்குது.”

எழுபதுகளின் கடைசியில் சிட்னி ரயிலில் தமிழ் காதில் விழுவது அபூர்வம். எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. நான் நாகரிகமாகப் பேப்பரை விரித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். இரண்டு வீடு பார்த்திருக்கிறார்கள்; எதை வாங்குவது என்பதுதான் பேச்சு.

“ஆரின்ரை பிள்ளை?” என்றார் கணவர்.

“கொரியாப் பிள்ளை. பள்ளிக்கூடம் விடேக்கை வாசலிலை நிண்டு பாத்தனான். ஒருத்தரும் அதோடை கதைக்கேல்லை.”

“மற்றச் சின்ன வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை?”

“அங்கையும் ஒரு கொரியாப் பிள்ளைதான். ரெண்டு வெள்ளைக்காரப் பெட்டையள் அதின்ரை தொப்பியைப் பறிச்சுக்கொண்டு ஓடினவை.”

“ஐயோ!”

“என்ன ஐயோ? அது சிரிச்சுச் சிரிச்சுத் துரத்தினது.”

“அந்த வீட்டுக் குசினியிலை ரெண்டு பேர் நிண்டு சமைக்கேலாதே.”

“நீங்கள் எப்ப குசினிக்கை வந்தனீங்கள்?”

ஜன்னலுக்கு வெளியே நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப எங்கடை பிள்ளைக்கும் ஒரு தொப்பி வாங்குவம்,” என்றார் கணவர்.