பதினாலாம் பேட்ச் மாவு

இனியவன்: அக்கா, போன் அடிக்குது... உன் கைப்பையிலதான்.

தீபலட்சுமி: அடிக்கட்டும். நீ ரோட்டப் பாத்து வண்டிய ஓட்டு. புதுச் சட்ட போட்டதுலேர்ந்து வானத்தப் பாத்துத்தான் ஓட்டற.

இனியவன்: மறுபடியும் அடிக்குது. யாருன்னுதான் பாரேன்.

தீபலட்சுமி: வேற யாரு, மில்லுலேர்ந்துதான்... டேய்! டேய் டேய், நிறுத்து! லியோன்லேர்ந்து!

இனியவன்: பிரான்சா? மூணு மணிக்குத்தான சொன்னாங்க? மணி பன்னெண்டரைதான ஆவுது!

தீபலட்சுமி: ஓரமா நிறுத்துடா! அல்லோ... வணக்கம் சார்!

ஜோசப் ஆனந்த்: பொன்ழூர் தீபலட்சுமி! ஜோசப் ஆனந்த் பேசறேன். என்னம்மா பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கு?

தீபலட்சுமி: வைத்திக்குப்பம் சார், மீன் விக்கறாங்க. நானும் தம்பியும் மில்லுலேர்ந்து டவுனுக்கு வந்துட்டு இருக்கோம். மூணு மணி மீட்டிங்குக்கு என் சிநேகிதி ஆபீஸ்ல எல்லாம் ரெடி பண்ணி...

ஜோசப் ஆனந்த்: அந்த மூணு மணிதான் இல்லாம போச்சு. எங்க பட்டுக் கம்பெனி முதலாளியம்மா, மதாம், இன்னும் அரை மணி நேரத்துல ட்ரெயின் ஏறறாங்க. இப்பவே பாக்கணுமாம். என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க.

தீபலட்சுமி: இப்பவேவா? நடுரோட்டுலயா?

ஜோசப் ஆனந்த்: இல்லன்னா அடுத்த வருஷம்தாம்மா. பட்டுத்துணி பிரிண்டுல சாயத்தக் கெட்டியாக்க யாருகிட்ட மாவு வாங்கறதுன்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. நீங்க அனுப்பின மூணு சாம்பிளும் கட்டி கட்டியா போச்சு. நானும் பாண்டிச்சேரிக்காரன், அதனால கெஞ்சிக் கெஞ்சி இந்த நாலாவது வாய்ப்ப வாங்கி வெச்சிருக்கேன்.

தீபலட்சுமி: ரெண்டே நிமிஷம் சார். போன வெச்சுடாதீங்க... இனியவா, மியூட்ல போட்டுட்டேன். அந்த மாவு பாக்கெட்ட எடு.

இனியவன்: இங்கயா? மிக்ஸி இல்ல, தராசு இல்ல...

தீபலட்சுமி: டீக்கட இருக்குதுல்ல. அக்கா, ஒரு கண்ணாடி டம்ளர் குடுங்க. நல்லா கழுவினதா. ஒரு ஸ்பூனு. தண்ணி... இல்லக்கா, சூடு வேணாம். பச்சத்தண்ணி.

இனியவன்: பயப்படறியாக்கா?

தீபலட்சுமி: பயப்படாம என்னா பண்றது? அடுப்புல வெக்காமலே மாவு கூழாவணும். அதுக்குத்தான புளியங்கொட்டைய வறுத்து அரைச்சு, வேவ வெச்சு, காய வெச்சு, மறுபடி அரைச்சோம்? இன்னிக்கும் ஆவலன்னா... கொட்டாயில பன்னெண்டு டன் கொட்ட கெடக்குதுடா. மழ வந்தா வண்டு வெச்சுடும். தோலு உரிக்கற பொம்பளைங்க இருபது பேருக்கும் என்னா பதில் சொல்றது?

இனியவன்: ஆவும்க்கா. கண்டிப்பா ஆவும்.

தீபலட்சுமி: உனக்கு எங்கேர்ந்துடா இவ்ளோ தைரியம் வந்துச்சு? போன வாரம் பூரா சோறு எறங்கலன்னு சுத்திக்கிட்டு இருந்த.

இனியவன்: நீதான சொன்ன, பதினாலாவது பேட்ச மூணு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன்னு?

தீபலட்சுமி: ம்... சொன்னேன். மியூட்ட எடுத்து வீடியோவப் போட்டுட்டேன், போனப் புடி. டம்ளரு மட்டும் தெரியட்டும். ஜோசப் சார், தெரியுதா?

ஜோசப் ஆனந்த்: தெரியுது. இருங்க, மதாம் கண்ணாடி போட்டுக்கறாங்க... ம், ஆரம்பிங்க.

தீபலட்சுமி: அர டம்ளர் தண்ணி சார். மாவு மூணு ஸ்பூனு. தூவிக்கிட்டே கலக்கறேன்...

இனியவன்: அக்கா... தண்ணியாவே இருக்குது.

தீபலட்சுமி: மெதுவா பேசு, அங்க கேக்கும். கலக்கறேன்ல?

இனியவன்: போட்ட உடனே கெட்டியாவணும்க்கா! உடனே!

தீபலட்சுமி: உடனேன்னு யாரு சொன்னா?

இனியவன்: இல்ல... சும்மா சொன்னேன்.

ஜோசப் ஆனந்த்: என்னம்மா ஆச்சு? ரெண்டு நிமிஷம் போச்சு. மதாம் கடிகாரத்தப் பாக்கறாங்க.

தீபலட்சுமி: இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க சார். புளியங்கொட்ட... நிதானமாத்தான் தண்ணி குடிக்கும்.

இனியவன்: அய்யோ, அக்கா...

தீபலட்சுமி: போன ஆட்டாதடா!

ஜோசப் ஆனந்த்: தீபலட்சுமி, மதாம் பைய எடுத்துட்டாங்க...

தீபலட்சுமி: சார், சார், உக்காரச் சொல்லுங்க! டேய்... ஸ்பூனு இழுக்குதுடா!

இனியவன்: என்னாது?

தீபலட்சுமி: ஸ்பூனு! சுத்த முடியல, கை வலிக்குது! கிட்ட காட்டு, இன்னும் கிட்ட! பாருங்க சார், ஒரு கட்டி இருக்குதா பாருங்க!

இனியவன்: கவுத்துக் காட்டுக்கா!

தீபலட்சுமி: கவுக்கறேன்... மாதாவே, முருகா, யாராவது புடிச்சுக்குங்க...

இனியவன்: வுழல! வுழலக்கா! அப்டியே நிக்குது!

ஜோசப் ஆனந்த்: இங்க மதாம் பைய கீழ வெச்சுட்டாங்க! இருங்க, என்னமோ கேக்கறாங்க... சாயம் கலந்து துணில ஒரு கோடு போட முடியுமான்னு. கோடு பரவக் கூடாதாம்.

தீபலட்சுமி: சாயத்துக்கு இங்க நான் எங்க போவேன்...

இனியவன்: கடையில ரோஸ்மில்க் எசன்ஸ் இருக்குதுக்கா! அந்தச் செவப்பு பாட்டிலு!

தீபலட்சுமி: ஒரு மூடி ஊத்துங்கக்கா. போதும், போதும். துணி... வெள்ளத்துணி...

இனியவன்: என்னை எதுக்குப் பாக்கற?

தீபலட்சுமி: சட்டையக் கழட்டு.

இனியவன்: மீட்டிங்குக்குன்னு வாங்கினதுக்கா!

தீபலட்சுமி: மீட்டிங்குதான் நடக்குது. கழட்டுடா!

ஜோசப் ஆனந்த்: யாரு அங்க சிரிக்கறது?

இனியவன்: மீன்காரம்மாங்க சார். நான் பனியனோட நிக்கறேன்.

தீபலட்சுமி: இதோ, ஸ்பூன் காம்பால ஒரு கோடு. பக்கத்துல வெறும் எசன்ஸ்ல ஒரு கோடு. பாருங்க, வெறும் எசன்ஸ் எப்டி ஊறி ஓடுது... நம்ம கோடு போட்ட எடத்துலயே நிக்குது சார்!

ஜோசப் ஆனந்த்: வுவாலா! மதாம் கை தட்டறாங்கம்மா! 'ஃபொர்மிதாப்ள்', பிரமாதம்னு ரெண்டு தடவ சொல்லிட்டாங்க, அவங்க லேசுல சொல்ற ஆளு இல்ல. மொதல்ல ஒரு கண்டெய்னர் அனுப்புங்க. சரியா இருந்தா வருஷத்துக்கு நாலு.

தீபலட்சுமி: சார்... நெஜமாவா சார்?

ஜோசப் ஆனந்த்: நெஜம்தான். ஒண்ணே ஒண்ணு. இப்ப காட்டுன அதே பாக்கெட்ட, மீதி மாவோட சீல் வெச்சு இன்னிக்கே கூரியர் பண்ணிடுங்க. இங்க லேப்ல வெச்சுக்குவாங்க. கண்டெய்னர்ல வர்ற மாவு அதோட ஒத்துப் போவணும். மெர்சி, மெர்சி! ட்ரெயினுக்கு ஓடறோம்!

தீபலட்சுமி: வெச்சுட்டாரு. இனியவா, கண்டெய்னர்டா! பன்னெண்டு டன்னும் பத்தாது, இன்னும் வாங்கணும்! வண்டிய எடு, கூரியர் ஆபீசுக்குப் போலாம்... என்னடா, அழுவறியா?

இனியவன்: அந்தப் பாக்கெட்ட அனுப்பாதக்கா.

தீபலட்சுமி: ஏன்?

இனியவன்: அதுல இருக்கறது நம்ம மாவு இல்ல.

தீபலட்சுமி: பின்ன என்னா மாவாம்?

இனியவன்: நேத்து பேக்கரி சாமான் கடையில குவார் மாவு வாங்கினேன். கொத்தவரங்கா வெத மாவு. அது பச்சத்தண்ணில கெட்டியாவும். காலைல நீ குளிக்கப் போனப்ப நம்ம மாவ எடுத்துட்டு அத ரொப்பி வெச்சுட்டேன். நாலாவது தடவையும் அவங்க முன்னாடி நீ தலை குனிஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியாதுக்கா.

தீபலட்சுமி: அப்போ டம்ளர்ல நிக்கறது?

இனியவன்: குவாரு. திட்டு, அடி, என்னா வேணா பண்ணு. ஜோசப் சாருகிட்ட நானே சொல்லிடறேன், போனக் குடு.

தீபலட்சுமி: போன வுடு. கெளம்பறதுக்கு முன்னாடி பாக்கெட்ட மோந்து பாத்தேன். பச்சப் பயறு வாசன. நம்ம மாவுல வறுத்த கொட்ட வாசனல்ல வரும்? அதக் கொட்டிட்டு பதினாலாவது பேட்சையே திரும்ப ரொப்பினேன்.

இனியவன்: அப்ப... என் சட்டையில இருக்கற கோடு?

தீபலட்சுமி: நம்ம புளியங்கொட்டதான்.

இனியவன்: அக்கா! அடியே என் அக்கா! தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே நீ! மூணு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்த தைரியம், அதான?

தீபலட்சுமி: ஒரு தடவகூட பண்ணலடா.

இனியவன்: என்னாது?

தீபலட்சுமி: அந்த பேட்சு தண்ணியப் பாத்ததே இப்பதான். பாக்கெட்ட மாத்தினப்ப டம்ளர கையில எடுத்தேன்... அப்டியே வெச்சுட்டேன். போட்டுப் பாத்து அது கெட்டியாவலன்னு வெச்சுக்க... நான் உன் பாக்கெட்டையே எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்.