மூணாவது கட்டம்

— ரெண்டே வார்த்தையில சொல்லுங்க, கன்னியம்மா. இந்த மூடி என்ன செய்யுது?

— தண்ணியத் தடுக்குது, தபீதா மேடம்.

— சரி. பொட்டி?

— லாரி பேட்டரியப் புடிச்சிக்குது.

— அது முக்கிய வேலை, இந்தத் தாள்ல முதல் கட்டம். மூடி துணை வேலை, ரெண்டாவது கட்டம். வேலையே செய்யாதது மூணாவது கட்டம். அதை எங்க லாரி கம்பெனி டிராயிங்லேர்ந்து எடுத்துடும். சொல்லுங்க, அடியில வெல்டு வச்ச இந்தத் தகடு?

— அது... அழகுக்கு.

— பொட்டிக்கு அடியிலயா? யார் குனிஞ்சு பார்க்கப்போறாங்க?

— அப்போ பலத்துக்குன்னு எழுதிக்கோங்க.

— தகடு இல்லாத பொட்டி மேல நேத்து நானே ஏறி நின்னேன். ஒண்ணும் ஆகல.

— பொடவையோடவா! தகடு இல்லாத பொட்டி உங்களுக்கு எங்க கெடச்சுது?

— அதை அப்புறம் சொல்றேன். இந்தத் தகட்டை வெட்டி வைக்கிறது யாரு?

— நான்தான். ஏழு வருசமா அது ஒண்ணுதான் என் வேல.

— எதுக்குன்னு தெரியாமலா?

— தெரியும் மேடம். எண்பத்தாறுல உங்க கம்பெனிலேர்ந்து மாதிரிக்குன்னு ஒரு பழைய பொட்டி வந்துச்சு. அடியில துருப்புடிச்சு ஓட்ட. எவனோ ஒட்டு போட்டு வச்சிருந்தான். எங்க மொதலாளி ஜெயவேலு அந்த ஒட்டையும் சேத்து அளவெடுத்துட்டாரு.

— கடவுளே! ஓட்டையே இல்லாத பொட்டிக்கு ஏழு வருஷமா ஒட்டா?

— மொத நாளே எனக்குப் புரிஞ்சிபோச்சு. வாயத் தொறந்தா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். மூணு பொண்ண வச்சிகினு இன்னா பண்றது? நீங்களே சொல்லுங்க, நான் எந்தக் கட்டம்?

— கட்டம் பொருளுக்குத்தான். ஆளுக்கு இல்ல.

— பொருள் போனா ஆளும் போவுது மேடம். அழக்கூடாதுன்னு பாக்கறேன், முடியல. இன்னொரு தப்பும் கீது, அதையும் எழுதிக்கோங்க.

— என்ன தப்பு?

— மூடியோட கிளிப்பு மேடு பள்ளத்துல ஒடஞ்சிடுது. பம்மல்ல டிரைவருங்க கயித்தால கட்டிகினு ஓட்டறாங்க. பாக்கவே பேஜாரா இருந்துச்சு. மொதலாளிக்குத் தெரியாம அந்தத் தகட்ட அடியில வைக்காம, கொக்கி மாரி வளச்சு மூடியில வச்சுட்டேன். முப்பது பொட்டி.

— கொக்கி என்ன செய்யுது? ரெண்டே வார்த்தை.

— மூடியப் புடிக்குது.

— கிளிப்பு உடைஞ்சுதுன்னு மாசாமாசம் பொட்டி திரும்பி வருது. கொக்கி வச்சதுல ஒண்ணுகூட வரல. நேத்து எங்க குடோன்ல நான் ஏறி நின்னதும் அந்த முப்பதுல ஒண்ணுதான். இனிமே எல்லாப் பொட்டிக்கும் கொக்கிதான். அதை வளைச்ச கை யாரோடதுன்னு தேடிக்கிட்டுத்தான் காலையிலேர்ந்து திருமுடிவாக்கத்துல எங்களுக்குப் பொட்டி பண்ற ஷெட் ஷெட்டா ஏறி இறங்கறேன், அக்கா.