ஒப்பந்தம் இல்லாத நாடு

மதியச் சோற்றுக்கு மோர் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. 1974 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மோர்த் தூக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றேன். என் மகள் ரத்னா அதை எடுத்துக்கொண்டு வந்தாள். பதினேழு வயது. நடுச்சாலையில் ஒரு கார் அவளை அடித்தது. ஓட்டியவர் எங்கள் கடற்கரையில் தங்கி வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு எஞ்சினீயர். அவரே அவளைத் தூக்கிக் காரில் படுக்கவைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது உயிர் போய்விட்டது.

நான் ஏசுபாதம் வக்கீலிடம் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. வழக்கு பதிவாகி, எஞ்சினீயரின் பாஸ்போர்ட் கோர்ட்டில் இருந்தது. எங்கள் தரப்பில் வக்கீலே ஆஜரானார். மூன்றாம் மாதம், தாயாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்வர வேண்டும் என்று அவர் மனுப் போட்டார்.

"தேசப்பா, அந்தாளு திரும்பி வரலன்னா இழுத்தாந்து நிறுத்த வழி இருக்கான்னு பாரு. இல்லன்னா போகவே வுடக்கூடாது" என்றார் வக்கீல்.

அயல்நாட்டு விவகாரம் எனக்குப் புதிது. இரண்டு சனிக்கிழமை மதராஸுக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதலில் தேட வேண்டியது, குற்றம் சாட்டப்பட்டவரைத் திருப்பி ஒப்படைக்க இரு நாட்டுக்கும் இடையிலான ஒப்பந்தம். கையெழுத்தானால் போதாது, நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வந்தது இன்னும் செல்லுமா, நம் அரசு அதை அரசிதழில் அறிவித்ததா, இந்தக் குற்றம் அதன் பட்டியலில் உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இருக்கிறது என்று சொல்வது சுலபம். இல்லை என்று சொல்ல எல்லா இடத்திலும் தேடியிருக்க வேண்டும். நான் தேடினேன். அவர் நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இல்லை. போனால் போனதுதான்.

வக்கீலிடம், இருக்கிறது என்றேன்.

சட்டம் மாறும்போது அச்சடித்த திருத்தச் சீட்டுகள் வரும். அவற்றைப் புத்தகத்தில் உரிய பக்கத்தில் ஒட்டுவது குமாஸ்தாவின் வேலை. எந்த வக்கீலும் பசைக் கிண்ணத்தைத் தொட்டதில்லை.

"புதுசா வந்த ஸ்லிப்புல கீதுங்க. ஒட்டிட்டேன்."

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

"உன் பொண்ணு கேஸுய்யா. நல்லா பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை.

நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. பாஸ்போர்ட் அவர் கைக்குப் போனது. போகிறவர் திரும்ப மாட்டார் என்பது என் கணக்கு.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை அவர் கடற்கரைக்கு என்னைத் தேடி வந்தார். எனக்குத் தெரிந்த கோர்ட் இங்கிலீஷில் பேசினோம். ஒப்பந்தம் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் விசாரணைக்கு வருவேன் என்றார். கார் வந்த வேகத்தை ஒளிக்க மாட்டேன், பார்த்ததையும் சொல்வேன் என்றார்.

அவர் பார்த்தது இது. நான் எதிர்ப்பக்கம் நின்று, பஸ் வந்துவிட்டது, ஓடி வா என்று கையை ஆட்டினேன். ரத்னா காரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தாள். இதை அவர் மெதுவாக, எனக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

தானாகவே திரும்பி வரும் ஆளைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் தேடியிருக்கவில்லை.

அவர் தினமும் நீந்துவார். அன்று அலை பெரிதாக இருந்ததால் எங்கே இறங்கலாம் என்று கேட்டார். அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்த இடத்தைக் காட்டினேன். அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும். அவர் நன்றி சொல்லி, கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். இருபது நிமிடம் ஆனதை அதில்தான் பார்த்தேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

போலீஸ் அதிகம் கேட்கவில்லை. என் மனைவி பூவாயிதான் கேட்டாள்.

"அந்த எடத்துல நம்மாளு எவனாச்சும் எறங்குவானா? நீ இன்னாத்துக்குய்யா அவன் வாட்ச்ச புடிச்சிகினு கரையில நின்ன?"

அதன்பின் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இறந்தால் வழக்கு அற்றுப்போகும். அதற்கு மதராஸ் போகத் தேவையில்லை, எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். நான் செய்தது எல்லாம் ரத்னாவுக்காகத்தான். வழக்குக் கட்டு ரிக்கார்டு அறைக்குப் போய்விட்டது. அதில் நான் எழுதிக் கொடுத்த புகாரில், என் கையெழுத்துக்கு மேல், யாரும் அழைக்காமல் ரத்னா தானாகவே சாலையைக் கடந்தாள் என்று இன்னும் இருக்கிறது.