அறுப்பின் பண்டிகைக்கு ஒரு செங்காந்தள்

ரத்தினபாய்: என்னங்க... அந்தத் தொட்டியக் கீழ வைங்க.

யேசுதாசன்: ஆட்டோ வந்துரும் ரத்தினம். அறுப்பின் பண்டிகையன்னைக்குப் போய் லேட்டாப் போனா...

ரத்தினபாய்: பூசணிக்காய எடுத்துட்டுப் போலாம். அதுவும் நம்ம மாடியில காய்ச்சதுதானே.

யேசுதாசன்: பூசணிக்காயக் காணிக்கையா வச்சா கோயில் ஏலத்துல யாரு கேப்பா? இது செங்காந்தள். விதை போட்டு நான் வளத்தது. ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு பாஸ்டரே சொல்லிட்டாரு.

ரத்தினபாய்: நீங்க வளத்ததா?

யேசுதாசன்: சரி, நாம. தண்ணி ஊத்தினது நீதான். தொட்டியில ஒரு புல்லு பூண்டு இருக்கா பாரு? அதையும் சொல்லத்தான் போறேன்.

ரத்தினபாய்: அதெல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம்... நேத்து கேம்ப் ரோட்ல நம்ம சபை தனசிங் அண்ணனப் பாத்தேன்.

யேசுதாசன்: அடுத்தவன் தொட்டியில பூ பூத்தா அவருக்குத் தூக்கம் வராதே. என்னவாம்?

ரத்தினபாய்: காந்தள் விதை போட்டா பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகுமாமே, உங்க வீட்ல மட்டும் எப்படி அதே வருஷம் பூத்துச்சுன்னு கேட்டாரு.

யேசுதாசன்: நீ... என்ன சொன்ன?

ரத்தினபாய்: கிருபைன்னேன்.

யேசுதாசன்: நல்ல பதில்.

ரத்தினபாய்: அதையே இன்னைக்கு உங்ககிட்டயும் கேக்கப் போறாராம். எல்லார் முன்னாடியும்.

யேசுதாசன்: ...ரத்தினம். ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?

ரத்தினபாய்: சொல்லுங்க.

யேசுதாசன்: விதை முளைக்கவே இல்ல. நீ தினம் காலையில வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்திட்டு அதையே பாத்துட்டு நிப்பியா... மனசு கேக்கல. நீ பெண்கள் கூட்டத்துக்குப் போனப்ப நர்சரியில கிழங்கு வாங்கிப் புதைச்சிட்டேன்.

ரத்தினபாய்: எந்தப் பக்கம்?

யேசுதாசன்: இதோ, இந்த ஓரமா.

ரத்தினபாய்: ஒரு கிழங்குதானா?

யேசுதாசன்: ஒண்ணுதான்... இரு. ரெண்டு கொடி இருக்கே. அப்போ அந்த ஓரத்துல இருக்கிறது... என் விதை! முளைச்சிருச்சு ரத்தினம்.

ரத்தினபாய்: அது நான் வாங்கினது.

யேசுதாசன்: நீயா? எப்ப?

ரத்தினபாய்: நீங்க வாக்கிங் போனப்ப. அதே நர்சரிதான்.

யேசுதாசன்: நீ எதுக்கு வாங்கின?

ரத்தினபாய்: உங்க மூஞ்சியப் பாக்க முடியல.

யேசுதாசன்: நல்ல ஜோடி. போகட்டும், நம்ம மேல தப்பில்ல. வண்டலூர் வேலியோரம் பொறுக்கும்போதே நெனச்சேன், விதை சொத்தைன்னு. அதத் தைரியமாச் சொல்லிடலாம்.

ரத்தினபாய்: அதச் சொல்லாதீங்க.

யேசுதாசன்: ஏன்?

ரத்தினபாய்: கோயில்ல நின்னு பொய் சொல்லக் கூடாது.

யேசுதாசன்: பின்ன என்னதான் சொல்றது? ஆட்டோ வேற வந்துருச்சு...

ரத்தினபாய்: விதை நல்லாத்தான் முளைச்சுதுங்க. காந்தள் கன்னு மொதல்ல புல்லு மாதிரிதான் இருக்குமாம், கிழங்கு குடுக்கும்போதுதான் நர்சரிக்காரர் சொன்னாரு... நான் அதுக்கு முன்னாடியே ஒண்ணு விடாமப் பிடுங்கிப் போட்டுட்டேன்.