எடுத்துவிட்ட ஸ்லைடு

"நல்லாப் பேசணும்னா என்னக்கா பண்ணணும்?" என்று விந்தார்த்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள். மாநாட்டில் பேச அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நான் சொன்னதெல்லாம் சரியான யோசனைதான் ஐயா, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடு. ஸ்லைடைப் பார்த்து வாசிக்காதே. கேட்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், அதை மட்டும் சொல்.

யோக்யகர்த்தாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், மேடை ஏறுமுன் இளையவர் மூத்தவர் முன்னால் ஒத்திகை பார்ப்பது வழக்கம். அங்கே நான்தான் மூத்தவள். மலைக்காரர்கள் தின்னும் காட்டுக்கிழங்கிலிருந்து விஷத்தை எடுக்க எளிய வழி தேடி எட்டு வருஷம் கழித்தேன். அவள் வந்த கொஞ்ச நாளில் கண்டுபிடித்துவிட்டாள். கிழங்குச் சீவலை நாள்கணக்கில் ஆற்றில் போட வேண்டாம், சுண்ணாம்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறினால் போதும்.

"நீ அவளுக்கு ஸ்லைடு போட ஒத்தாசை பண்ணும்மா" என்றார் எங்கள் பேராசிரியர் ஹார்யோனோ. எனக்குப் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒத்திகையில் கடைசிக்கு முந்தைய ஸ்லைடில் அவளை நிறுத்தினேன்.

"இது எதுக்குடி?"

"தடியா சீவினா விஷம் உள்ளயே தங்கிடுதுக்கா. மெல்லிசா சீவினாதான்..."

"முடிக்கிற நேரத்துல மூக்கால அழாதே. கைதட்ட வந்தவன் கொட்டாவி விட்டுட்டுப் போவான். எடுத்துடு. யாராச்சும் கேட்டா வாயால சொல்லிக்கோ."

உதட்டைக் கடித்தாள். எங்கள் பக்கத்தில் மூத்தவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. "சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

மாநாட்டில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ இடைவேளையில் உணவுத்துறை அதிகாரி ஒருவர் அவளைத் தேடி வந்தார். அவளைச் சுற்றிக் கூட்டம். என்னைச் சுற்றி யாருமில்லை, அதனால் என்னிடம் கேட்டார்.

"சீவல் எவ்வளவு தடியா இருந்தாலும் பரவாயில்லையாம்மா? எங்க ஊர்ப் பொம்பளைங்க கத்தியால கைபோன போக்குல சீவுறவங்க."

வாயிலிருந்த பலகாரத்தை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "அப்படி ஏதாச்சும் இருந்தா அவ பேச்சுல சொல்லியிருப்பாளே சார்."

இதில் பொய் எங்கே இருக்கிறது?

அந்த அதிகாரியின் மலைக்கிராமத்தில் ஓர் இரவு மட்டும் ஊறிய தடிச் சீவலைத் தின்று மூன்று குழந்தைகள் இறந்தன. செய்தித்தாள்களில் விந்தார்த்தியின் பெயர் வந்தது. அவள் வேலையும் போயிற்று.

நேற்று வீட்டுக்கு வந்தாள். அதிகாரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"உனக்குத்தான் தெரியுமேக்கா" என்றாள்.

தெரியும் என்றேன். யாராவது சாவார்கள் என்றும் தெரியும், பழி அவள் தலையில் விழும் என்றும் தெரியும், அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றேன். கேட்டால் மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. பிறகு அவளுக்காக ஆற்றி வைத்திருந்த தேநீரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஆனாலும் அன்னிக்கு உன் பேச்சுல ஒரு குறை சொல்ல முடியாதுடி. உன்னைத் தயார் பண்ணினது யாரு?"

தேநீரை அவள் தொடவில்லை. எழுந்து போய்விட்டாள்.