கையில் திணித்த சாவி

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் போன பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

"உம் மகளுக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு வலிப்பு, ஆத்தா! நேத்து உக்காந்தபடியே கண்ணசந்தாரு, உடம்பு தூக்கிப் போட்டுச்சு. நாந்தேன் ஓடிப்போயி கையில இரும்புச் சாவியக் கொடுத்தேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"எதுக்கு மாமா சாவின்னு முழிக்கிறாரு."

"வலிப்பு வந்தவுக அப்புடிக் கேப்பாகளா? தூக்கம் பிடிக்கையில பள்ளத்துல விழுற மாதிரி இருக்கும், உடம்பு தூக்கிப் போடும். எல்லாருக்கும் உள்ளதுதேண்ணே."

"எனக்கு வந்ததே இல்ல. இன்னைக்கே அவுக வீட்டுக்குப் போயி கல்யாணத்த நிப்பாட்டிருவோம்."

"எம் மக அழுதுக்கிட்டுக் கெடக்காண்ணே! ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு."

கோட்டையூர் தாண்டியதும் தூக்கத்தில் அண்ணனின் தலை சாய்ந்தது. திடீரென்று உடம்பு தூக்கிப் போட்டு, கால் முன் சீட்டை உதைத்தது. தங்கை மடியிலிருந்த பெரிய வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"எதுக்காத்தா சாவி?"

"இதத்தானே மாப்பிள்ளையும் கேட்டாக!"

பஸ்ஸே சிரித்தது. பள்ளத்தூரில் இறங்கும்போது அண்ணன் சொன்னார்: "வந்தது வந்துட்டோம், மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு எடுத்துட்டுப் போவோம்."

கேட்டது சித்திரையில். எழுதத் துணிந்தது 1968, ஆவணி ஏழாம் தேதி.