நாலு பேரும் ஒரே ஆளுங்க

— அந்தக் கத்தரிக்கோலக் கீழ வெச்சுட்டுப் பேசும்மா. பொண்ணு கேட்டு வந்த அண்ணனுக்கே பயமா இருக்கு.

— சாயந்திரம் இந்தச் சட்டையக் குடுக்கணும்ணே. நீ சொல்லு, காது கேக்குது. ஆனா என் பொண்ண உன் பையனுக்குத் தர மாட்டேன்.

— ஏன், அவனுக்கு என்ன கொறச்சல்?

— ஒரு கொறையும் இல்ல, தங்கமான புள்ள. சொந்தத்துல வேணாங்கறேன், அவ்ளோதான்.

— நீ மாமா பையனத்தானே கட்டின? நானும் அதே மாமா பொண்ணத்தானே கட்டினேன்? சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு குடும்பமும் சண்டை சச்சரவு இல்லாம ஓடலையா?

— சண்டை போட எனக்கு எடம் ஏது? கோச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனா, கதவத் தொறக்கறதே என் நாத்தனார்.

— அவ உனக்கு அண்ணியும்தானே!

— சிரிக்காதண்ணே. என் சின்னவன் கண்ணப் பத்தி டாக்டர் என்ன சொன்னாரு? ஒரே கொறை என்கிட்டயும் என் வீட்டுக்காரர்கிட்டயும் வெளிய தெரியாம இருந்திருக்கு. ரெண்டும் சேந்து புள்ளைக்கு வந்துருச்சு. இருட்டினா செவுத்தப் பிடிச்சுட்டு நடக்கறான்.

— சொந்தத்துல கட்டினவங்க எவ்வளவு பேர் இருக்காங்க. எல்லார் புள்ளைக்குமா இப்படி ஆகுது?

— எல்லாருக்கும் இல்ல. நமக்கு வந்துருச்சே. என் பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா அவகிட்டயும் அது ஒளிஞ்சிருக்கலாமாம். உன் பையனுக்கும் அவளுக்கும் தாத்தா பாட்டி நாலு பேரும் ஒரே ஆளுங்க. நாளைக்கு அதுங்களுக்குப் பொறக்கற புள்ளைய யோசிச்சியா?

— அப்ப இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்காதேங்கற.

— வயித்தெரிச்சலக் கெளப்பாத. எனக்கு இருக்கறது நீ ஒரே அண்ணன். நீ பேசாம போயிட்டா அழுவேன். ஆனாலும் தர மாட்டேன்.

— அவன் இப்ப ரொம்பப் பொறுப்பாயிட்டான்மா. ராத்திரி வண்டி ஓட்டறதக்கூட விட்டுட்டான். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவான்.

— எதுக்கு விட்டான்?

— ஒடம்பு கெட்டுரும்ல, அதான்.

— அண்ணே, என் மொகத்தப் பாத்துச் சொல்லு. அவனுக்கும் இருட்டுல கண்ணு தெரியலயா? தலைய ஆட்டறியே, அண்ணிக்குத் தெரியுமா?

— அவதான் என்னை அனுப்பினா.

— தெரிஞ்சேதான் என் பொண்ணக் கேட்டு வந்தியா?

— வெளியில எவன் குடுப்பான்மா? உன் பொண்ணுன்னா, தம்பியக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பழகினவ. என் பையனையும் பாத்துக்குவா.